பணிவிடைக்கு வருபவரும் நோய்ச் சோதனையும்

கண்டி வாவியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும், அம்பிட்டிய, கட்டுகஸ்தோட்டை, பேராதனை முதலிய அயற்புறங்களிலும் மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். வீட்டு முகப்பிலே சாய்வு நாற்காலியில் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். அருகே ஒரு பெண் தேநீர்க் கோப்பையை அவர் வாயருகே பிடித்தபடி நிற்பாள். அவள் அவ்வீட்டு மகளல்லள். மகள் கொழும்பிலோ மெல்போர்னிலோ இருக்கிறாள். நிற்பவள் தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவை போன்ற பகுதியொன்றின் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு வந்தவளாயிருக்கலாம். தும்பறைப் பக்கத்துச் சிங்களக் கிராமமொன்றிலிருந்து வந்தவளாயுமிருக்கலாம். முதியவரை எழுப்புதல், குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், மருந்து கொடுத்தல், இரவிலே இருமல் கேட்டால் எழுந்து முதுகைத் தடவுதல் ஆகிய அனைத்தும் அவள் பொறுப்பு.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எட்டியவர்கள். அவ்விகிதம் அதன்பின் மேலும் உயர்ந்துள்ளது. பிள்ளைகள் குறைந்து முதியோர் பெருகிய வீடுகளிலே இத்தகைய பணிவிடைப் பெண்கள் இன்றியமையாதவராகிவிட்டனர்.

இவர்களை வேலைக்கு அமர்த்தும்போது வீட்டார் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “உடம்பிலே நோய்நொடி ஏதும் உண்டா?” என்பது. கேட்பது நியாயமே. முதியவரின் உடல் தளர்ந்தது. இளையோருக்குச் சாதாரணத் தடிமனாய்க் கழிந்துபோகும் நோய் அவருக்கு நியுமோனியாவாக முடியக்கூடும். ஆனால் முதியவரின் நெஞ்சிலே என்ன நோய் உறைகின்றதென அந்தப் பெண் கேட்பதில்லை. கேட்கத் துணிந்தாலும் விடை கிடைப்பது அரிது. இவ்விரு கேள்விகளுள் ஒன்று மட்டும் வழக்கமாகி, மற்றது வழக்கமாகாமற் போனமைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு கண்டிக்கு வந்த பாதையிலேயே தொடங்குகின்றது.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளைப் பக்கத்திலும் கன்னொறுவையிலும் கோப்பிச் செடி நடப்பட்டது. கோப்பி பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தனர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கால்நடையாகக் கண்டியை அடைந்தனர். வழியிலே குடிநீர் கெட்டது; உணவு போதாது. வாந்திபேதியும் வைசூரியும் அப்பாதையில் உடன் நடந்தன. யாழ்ப்பாணத்தார் ‘கோதாரி’ என்று வாயிலே வசையாகவும் வைத்துக்கொண்டது அந்தப் பேதியையே. வீதியோரங்களில் விழுந்து மடிந்தவர்களின் தொகையை முழுமையாக எவரும் எண்ணவில்லை.

அக்காலத்திலே நோய்ச் சோதனை என்பது கண்ணாற் பார்த்தலும் கையாற் தொட்டுச் சூடறிதலுமே. வைசூரிக் கொப்புளம் தெரிந்தால் நோயாளி, தெரியாவிட்டால் நலமுள்ளவன். வாந்திபேதியின் கிருமியை ஜெர்மானிய வைத்தியர் ரொபேட் கொக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிலைநாட்டியது 1883, 1884ஆம் ஆண்டுகளில். அதற்கு முன்னே, நோய் எவ்வழியாகப் பரவுகின்றது என்பதிலேயே வைத்தியரிடை ஒருமைப்பாடில்லை. ஆகவே ஆட்சியாளர் செய்யக்கூடியதாயிருந்தது ஒன்றுதான்: வருவோரைச் சில நாள் தடுத்து வைத்து, நோய் வெளிப்படுகின்றதா எனக் காத்திருத்தல்.

இவ்விடத்தில் இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1871இல் வீட்டு வேலைக்காரரைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் இலங்கையில் வந்தது. பங்களாக்களில் வேலைசெய்யும் சமையற்காரன், ஆயா, வண்டிக்காரன் முதலியோர் தம் பெயரைப் பதிந்து, தமக்கென ஒரு குறிப்புப் புத்தகத்தையும் வைத்திருக்கவேண்டும் என்றது அது. மறு ஆண்டு, 1872இல், தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்து ஆட்களுக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்யும் பொறுப்பையும் செலவையும் அது தோட்டத்துரைமார்மீது சுமத்தியது. முன்னதிலே வேலைக்காரரின் நடத்தை கவனிக்கப்பட்டது. பின்னதிலே தோட்டக் கூலியின் உடல்நலம் கவனிக்கப்பட்டது. வீட்டு வேலைக்காரரின் உடல்நலம் இரண்டிலும் இல்லை. இரு சட்டங்களுக்கும் இடையில் விழுந்துபோன அவ்விடத்திலேதான் இன்றைய பணிவிடைப் பெண்ணும் நிற்கின்றாள் என்று கூறின் மிகையாகாது.

தடுப்பு முகாம்களின் கதை நீண்டது. பம்பாயில் 1896இல் பிளேக் தோன்றியபின் இலங்கையின் அச்சம் பெருகிற்று. ராகமையில் ஒரு முகாம், தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் ஒரு முகாம் என நடந்து, 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி, தலைமன்னார்க் கப்பற் சேவையும் வந்தபின், மண்டபம் முகாமே கண்டிச் சீமைக்கு வருவோரின் வாசலாயிற்று. மலையகத்துக் குடும்பங்களிலே பாட்டன் பாட்டி வாயிலாக அம்முகாமின் பெயர் இன்றும் வழங்குகின்றது. அங்கே ஆட்கள் பல நாள் தங்க வைக்கப்பட்டனர். உடுத்த துணி நீராவியில் அவிக்கப்பட்டது, அம்மைப்பால் குத்தப்பட்டது, குடற்புழுவுக்கு மருந்து புகட்டப்பட்டது. இவையெல்லாம் பல உயிர்களைக் காத்தன என்பதை மறுக்கவியலாது. ஆயினும் அம்முகாமின் நோக்கம் தீவையும் தோட்டத்தையும் வருவோரிடமிருந்து காப்பதேயன்றி, வருவோரைத் தோட்டத்திடமிருந்து காப்பதன்று. மேல்வகுப்புப் பயணிகளுக்கு விதிகள் இத்துணைக் கடுமையாயிருந்ததுமில்லை. கிருமி வகுப்புப் பார்த்து ஏறுவதில்லை என்பது அன்றும் அறியப்பட்ட செய்திதான்.

நுணுக்குக்காட்டி கொண்டு பெருந்தொகை மக்களைச் சோதிக்கும் முறை இத்தீவிலே முதன்முதல் வேரூன்றியதும் கண்டியை அடுத்த மலைகளில்தான். அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலைப் பற்றி இரத்தம் உறிஞ்சும் உயிர். அதனாற் சோகை, களைப்பு, மூச்சுவாங்கல் ஆகியன வரும். மலத்தைச் சிறு டப்பாக்களிற் பெற்று, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் புழுவின் முட்டைகளைத் தேடினர். சோதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோரிடம் முட்டைகள் காணப்பட்டன. சோம்பேறிகள் என்று பங்களா விறாந்தையிலிருந்து ஏசப்பட்டோர் உண்மையிலே இரத்தமிழந்தவர்கள் என்பதை அக்கண்ணாடி காட்டிக்கொடுத்தது. இலங்கைச் சுகாதார வரலாற்றிலே இதனினும் சிறந்த சோதனை முடிவு வேறொன்று உண்டா என்பது ஐயமே.

ஆனால் பின்னர் நிகழ்ந்ததென்ன? மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறிற்று, சில மாதங்களில் மீண்டும் புகுந்தது. லயங்களில் மலகூடம் போதிய அளவில் இல்லை, காலுக்குச் செருப்புமில்லை. மலகூடம் கட்டுதல் பெருஞ்செலவென்று தோட்ட நிருவாகங்கள் பலவும் தயங்கின. நோய் எங்கே இருக்கின்றது என்று சோதனை சரியாகவே சொல்லியது. அது சொன்னபடி இடத்தை மாற்றுவதற்கு ஆளில்லை. ராக்பெல்லர் நிறுவனத்தார் இதிலே கற்ற பாடத்தைக்கொண்டு 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதியை அமைக்க உதவினர். வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவிச்சியும் அதன் வழியே இலங்கையெங்கும் பரவினர் என்பது அம்முயற்சியின் நற்பேறு.

இதற்கிடையே மேல்நாட்டில் வேறொரு கருத்து வலுப்பெற்றது. நோயில்லாத மனிதரும் நோயைச் சுமக்கலாம் என்பது அது. நியூயோர்க் நகரத்திலே மேரி மலன் என்ற அயர்லாந்துப் பெண் செல்வர் வீடுகளிற் சமையல் செய்துவந்தாள். 1906ஆம் ஆண்டுக் கோடையில் அவள் வேலைசெய்த வீட்டில் நெருப்புக் காய்ச்சல் கண்டது. ஆராய்ந்து பார்த்ததில் அவள் முன்பு இருந்த வீடுகளிலும் அவ்வாறே கண்டிருந்தது. அவளோ ஒருநாளும் அந்நோயிற் படுத்தவளல்லள். 1907இல் அவளைப் பிடித்துச் சோதித்தபோது மலத்திலே கிருமி இருந்தது. தீவொன்றில் அடைத்து வைத்தனர். இனிச் சமைப்பதில்லை என்ற உறுதிமொழியின்பேரில் 1910இல் விடுவித்தனர். வேறு தொழிலில் அவளுக்குக் கிடைத்த கூலி குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்கே போனாள். 1915இல் மறுபடி பிடிபட்டு, 1938இல் இறக்கும்வரை அத்தீவிலேயே இருந்தாள்.

அவளைப் பிடிவாதக்காரி என்று எழுதியோர் பலர். நோய்க்கிருமியைச் சுமந்துகொண்டு வெளியே நடமாடிய பிறர் அதே நகரில் இருந்தனர்; அவர்களெல்லாரும் ஆயுட்காலம் அடைக்கப்படவில்லை. பிறர் வீட்டு அடுப்படியிலே பிழைக்கும் தனிப் பெண்ணுக்குச் சோதனை முடிவு ஒன்றைக் கொடுத்து, பிழைப்புக்கு வழி கொடாமல் விடின், அவள் முடிவை மறைக்கவே முயல்வாள். கண்டியிலே வேலைக்கு வரும் பெண் தன் இருமலை அடக்கிக்கொள்வதும் அதே காரணத்தால்.

இனி இருமலுக்கே வருவோம். சயரோகம் எனப்படும் காசநோயைப் போல், பணிவிடை செய்பவரையும் செய்விப்பவரையும் ஒரே கயிற்றிற் பிணைத்த நோய் வேறில்லை. அதன் கிருமியை ரொபேட் கொக் 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24ஆம் நாள் பேர்லினில் அறிவித்தார். சளியிலே அதற்குச் சாயமேற்றிக் காணும் முறையும் அதையடுத்து வந்தது. 1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது. 1907இல் வியன்னா வைத்தியர் பிர்க்கே, தோலிலே டியூபர்குலின் மருந்தை இட்டுப் பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு வைத்தியர் மாந்து, அதை ஊசியால் தோலுக்குள் ஏற்றும் முறையாக்கினார். இன்றும் கையிலே போடப்படும் மாந்துச் சோதனை அதுவே. இரண்டு மூன்று நாட் கழித்து, ஊசி ஏறிய இடத்திலே தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து பார்ப்பர்.

பிர்க்கேயின் சோதனை ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டது. நல்ல நலத்தோடு ஓடியாடும் பிள்ளைகளிலும் பலர் கிருமியை ஏற்கெனவே பெற்றிருந்தனர். கிருமி உடலிற் புகுதல் வேறு, நோய் காணுதல் வேறு என்ற உண்மை அதனால் விளங்கிற்று. கிருமி புகுந்தோருள் நூற்றுக்கு ஐந்து முதற் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படும். ஏனையோரிடம் அது உறங்கிக் கிடக்கும். உறங்குவது எப்பொழுது விழிக்கும்? நீரிழிவு வரும்போது, உணவு குறையும்போது, வேறு நோய்க்கு உட்கொள்ளும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்போது, முதுமை வரும்போது விழிக்கும். சிறுவயதிலே, காசநோய் மலிந்திருந்த காலத்திலே கிருமியை ஏற்ற ஒருவர், அறுபது ஆண்டு கழித்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து இருமும்போது, அந்த இருமலிலே பழைய கிருமி புதிதாய் வெளிவரலாம்.

இங்கேதான் வீட்டாரின் கேள்வி தலைகீழாகின்றது. மலையிலிருந்து வந்த இருபத்தைந்து வயதுப் பெண் வீட்டுக்கு நோய் கொண்டுவந்தாளா என்று ஆராய்பவர்கள், வீட்டிலிருந்த நோய் அவளுக்குப் போகின்றதா என்று ஆராய்வதில்லை. முதியோரின் இருமலை முட்டு என்றும், தொய்வு என்றும், கண்டிப் பனியென்றும் சொல்லி மாதக் கணக்கில் விட்டுவிடுவது வழக்கம். காய்ச்சல் முதியோருக்குச் சிலவேளை தெரியாமலே இருக்கும். உடல் மெலிவை வயதின் மெலிவென்பர். மாந்துச் சோதனையும் முதுமையிலே சரியாகப் பேசுவதில்லை. உடலின் எதிர்ப்பு மங்கியமையால் தடிப்பு எழாமற் போகலாம். ஆதலால் முதியவரைப் பொறுத்தவரையில் சளிப் பரிசோதனையும் மார்புப் படமுமே நம்பத்தக்கவை. இலங்கையிற் பிறந்த இளம் பெண்ணைப் பொறுத்தவரையில், குழந்தைப் பருவத்திலே குத்திய பி.சி.ஜி. ஊசியும் சிறு தடிப்பைக் காட்டக்கூடும் என்பதையும் சோதிப்பவர் மனங்கொள்ள வேண்டும்.

இலங்கையில் காசநோய்க்கென ஒரு சிகிச்சை நிலையம் 1916இல் கொழும்பில் ஏற்பட்டது. தனியியக்கமாக 1945இல் காசநோய் ஒழிப்பு வேலை அமைந்தது; 1949இல் பி.சி.ஜி. ஊசி வந்தது. அந்நாளிலே காசநோய் என்றால், வெலிசறை போன்ற தொலைவிடத்து வைத்தியசாலைக் கட்டில் என்றே பொருள். வசதியுள்ள வீடுகளில் நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, பின்னறை. பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வரன் வராது. வசதியில்லாதோர் லயத்துக் காம்பராவிலே பிள்ளைகளோடு நெருங்கிப் படுத்திருந்தனர். பின்னறை நோயாளிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர் பெரும்பாலும் வேலைக்காரப் பெண்ணே என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்நிலையை மாற்றிய ஆராய்ச்சி நம் மொழி பேசும் நகரமொன்றிலே நடந்தது. 1956இல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன ஒன்றுகூடிக் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையமொன்றை நிறுவின. அதன் முதலாவது தலைவர் வாலஸ் பொக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர். அக்காலத்தில் நோயாளரோ பல்லாயிரவர். கட்டில்களோ மிகச் சில. புதிய மருந்துகளைக் கொண்டு நோயாளியை அவன் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாமா, அவ்வாறு செய்தால் அருகிலிருந்து பணிவிடை செய்யும் மனைவியும் தாயும் பிள்ளைகளும் பலியாவார்களா என்பதே அவர்கள் விடுக்க விரும்பிய புதிர்.

நோயாளரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு கூறாக்கினர். ஒரு கூற்றார் சானற்றோரியத்திலே ஓராண்டு தங்கினர். நல்ல உணவு, காற்றோட்டம், ஓய்வு, தாதியர் கவனம் யாவும் அவர்களுக்குக் கிடைத்தன. மறு கூற்றார் சென்னைச் சேரிகளிலே, நெரிசலான குடிசைகளில், குறைந்த உணவோடு, முடிந்தபோது வேலைக்கும் போய்க்கொண்டு அதே மருந்துகளை உண்டனர். ஐசோனியாசிட்டும் பாஸ் என்ற மருந்தும் நாள்தோறும் கொடுக்கப்பட்டன. 1959இல் முடிவு வெளியாயிற்று. இரு கூற்றாரிடையிலும் குணமடைந்தோர் விகிதத்திற் பெரிய வேறுபாடில்லை. உலகம் வியந்தது. காற்றையும் பாலையும் முட்டையையும் நம்பி மலைமேலே சானற்றோரியங்கள் கட்டிய நாடுகள் அவற்றை மூடத் தொடங்கியமைக்கு இவ்வாராய்ச்சி ஒரு பெருங்காரணம்.

ஆனால் நம் பொருளுக்கு இன்றியமையாதது அதன் இரண்டாம் பகுதி. நோயாளரின் வீட்டாரையும் அவர்கள் விடாது சோதித்தனர். தொடக்கத்திலே தோற் சோதனை செய்து மார்புப் படமும் எடுத்தனர்; பின்பு ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தனர். 1966இல் அம்முடிவும் வெளியாயிற்று. வீட்டிலே வைத்துச் சிகிச்சை செய்யப்பட்டவரின் குடும்பத்தாருக்கு, சானற்றோரியத்துக்கு அனுப்பப்பட்டவரின் குடும்பத்தாரைக் காட்டிலும் மிகுந்த ஆபத்து நேரவில்லை. குடும்பத்திலே நோய் கண்டவர்களும், பெரும்பாலும் சிகிச்சை தொடங்குமுன்பே கிருமியைப் பெற்றவர்கள். மருந்து உள்ளே போனதும் நோயாளியின் பரப்பும் ஆற்றல் விரைவிற் குன்றிவிடுகின்றது.

இதன் பொருளை ஊன்றி நோக்கவேண்டும். பணிவிடை செய்பவருக்கு ஆபத்தான காலம், நோய் இன்னதென்று தெரிந்தபின் வருங்காலமன்று. தெரியுமுன் கழிந்த காலம். பெயர் சொல்லப்பட்ட நோயாளியின் அருகே இருப்பவள் ஓரளவு பாதுகாப்பானவள். பெயர் சொல்லப்படாத இருமலின் அருகே இருப்பவளே அபாயத்திலிருப்பவள். தனிக் கோப்பையும் தனித் தட்டும் எதையும் தடுக்கவில்லை. காசநோய் கோப்பையால் வருவதன்று, காற்றால் வருவது. சன்னல் திறந்திருந்ததா என்பதே கேள்வி. கண்டிக் குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை இறுக மூடி, முதியவரின் அறையிலேயே பாய்விரித்துப் பணிப்பெண்ணைப் படுக்கச் சொல்லும் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

சென்னையிலே நடந்த அவ்வாராய்ச்சியிலே சோதிக்கப்பட்டோர் குடும்பத்தார். சம்பளத்துக்கு வந்தவள் குடும்பத்தாளா? அவளே முதியவரின் முகத்தோடு முகம் வைத்து இருப்பவள். நாளிலே பெரும்பகுதியை அந்த அறையிற் கழிப்பவள். ஆயினும் வீட்டிலுள்ளோர் பெயரைக் கூறும்படி கேட்டால், அவள் பெயர் நினைவுக்கு வருவது கடைசியில்.

வேலைக்காரரைச் சோதிப்பதை ஒரு பெருந்தொழிலாக்கியது கடல்கடந்த வேலை. எழுபதுகளின் பிற்பகுதி தொடங்கி இலங்கைப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்றனர். பின்னர் முதியோரைப் பராமரிக்க இஸ்ரவேல் முதலிய நாடுகளுக்கும் சென்றனர். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் அந்நாடுகள் அங்கீகரித்த நிலையங்களில் இரத்தமும் மார்புப் படமும் கொடுக்கவேண்டும். காசநோய், மஞ்சட் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி. ஆகியன தேடப்படும். முடிவு ‘தகுதி’, ‘தகுதியின்மை’ என்ற இரண்டு சொற்களில் வந்துவிடும். தகுதியற்றவள் என்று சொல்லப்பட்ட பெண் அச்சொல்லையே சுமந்துகொண்டு ஊர் திரும்பியதும், எந்நோய் என்றுகூடச் சரியாக அறியாமல் இருந்ததும் உண்டு. முதல் நூற்றாண்டு மண்டபத்திலே பயின்ற முறையே இது, வாசல்தான் மாறியது.

பின்பு 2020 வந்தது. அவ்வாண்டு சனவரி 27ஆம் நாள் இலங்கையில் முதற் கொவிட் நோயாளியாகச் சீன நாட்டுப் பயணி ஒருவர் கண்டறியப்பட்டார். மார்ச்சு மாதத்திலே உள்ளூர்வாசிகளிடமும் நோய் காணப்பட்டது; 20ஆம் நாள் தொடங்கி நாடெங்கும் ஊரடங்கு. அம்மாத இறுதியிலே கண்டி மாவட்டத்து அக்குறணை நகரம் போக்குவரத்தின்றித் தனிமைப்படுத்தப்பட்டது. விடுமுறைக்கு வீடு சென்ற பணிப்பெண் திரும்ப வர முடியவில்லை. வேலைசெய்த வீட்டில் நின்றவள் தன் பிள்ளைகளைக் காண முடியவில்லை. படுக்கையிலிருந்த முதியவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது என்பதே பல வீடுகளிற் பெருங்கவலை. அந்நோயால் இலங்கையில் மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள் என்பதை நினைத்தால், அக்கவலையின் இன்னொரு பக்கமும் தெரியும். வெளியிலிருந்து வருபவளைத் தவிர்த்தால் பணிவிடையில்லை; சேர்த்தால் ஆபத்து.

அப்பொழுது பி.சி.ஆர். என்ற மூன்றெழுத்து பாமரர் வாயிலும் புகுந்தது. கிருமியின் மரபுப் பொருளைப் பலமுறை பெருக்கிக் காணும் இம்முறையை அமெரிக்க விஞ்ஞானி கரி மலிஸ் 1983இற் சிந்தித்தார். 1962இல் நிறுவப்பட்ட பேராதனை மருத்துவ பீடமும் இச்சோதனையிற் பங்குகொண்டமையால் மலைநாட்டு மாதிரிகள் யாவும் கொழும்புவரை செல்லவேண்டியிருக்கவில்லை. பின்னர் அரைமணி நேரத்துள் விடைசொல்லும் அன்றிஜன் சோதனையும் வந்தது. வீட்டார் பலர் “நோயில்லை என்ற சான்றிதழோடு வா” என்று சொல்லத் தொடங்கினர்.

சான்றிதழ் என்ற சொல்லே ஒரு மயக்கத்தை உண்டாக்குவது. திங்கட்கிழமை எடுத்த சோதனை திங்கட்கிழமையின் செய்தியைச் சொல்லும். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நெருங்கி நின்று வந்ததை அது அறியாது. தொற்றிய முதல் நாட்களிலே சோதனை பிழைக்கவும் கூடும். இதையுணர்ந்த வீட்டார் சிலர், அவளுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுத்து, நோய்க்குறி கண்டால் சம்பளம் வெட்டாமல் ஓய்வு தருவதாகவும் வாக்களித்தனர். அந்த வாக்கின் பயன் பெரிது. சம்பளம் போகாதென்று தெரிந்தவள் காலையிலேயே “அம்மா, தொண்டை நோகிறது” என்று சொல்லிவிடுவாள். போய்விடும் என்று அஞ்சுபவள் வெந்நீர் குடித்துவிட்டு முதியவரருகே போய் அமர்வாள். அதே காலத்தில், வெளியூரிலிருந்து தாய் தந்தையரைப் பார்க்க வந்த மக்கள் மருமக்களிடம் எந்தச் சான்றிதழும் கேட்கப்படாமல் இருந்ததும் கண்டி கண்ட காட்சியே.

சோதனையை ஒருவழிப் பாதையாகக் கொள்ளாமல் இருவழியாகக் கொண்டால் செய்யக்கூடியவை பலவுண்டு. வேலைக்குச் சேருமுன் அவளுக்கு நெஞ்சுப் பரிசோதனை செய்வது தக்கது. அதே கிழமையில் முதியவருக்கும் செய்வது தக்கது. நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் ஊசி போடும் பொறுப்பு அவளுடையதாயின், ஊசி அவள் கையில் ஏறிவிடும் வாய்ப்புண்டு. மஞ்சட் காமாலை பி கிருமிக்கு எதிரான தடுப்பூசியை அவளுக்குப் போடுவிக்கும் செலவு வீட்டாருக்குரியது. ஆண்டுதோறும் வரும் இன்புளுவென்சாவுக்கான ஊசியும் அவ்வாறே. மாந்துச் சோதனையிலே கிருமி புகுந்திருப்பதாகத் தெரிந்தால், அது நோயன்று; அவள் பிறருக்குப் பரப்புபவளுமல்லள். நோயாக மாறாதிருக்கச் சில மாத மருந்துண்டு. அதன் பெயரால் அவளை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு வைத்திய நூலிலே ஆதாரமில்லை.

இலங்கையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையமுண்டு. சளிப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். காசநோய் அறிவிக்கப்படவேண்டிய நோய். ஒருவருக்கு அது உறுதியானால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து, நோயாளியோடு நெருங்கி வாழ்ந்தோரின் பெயரைக் கேட்டு எழுதி, அவர்களையும் சோதனைக்கு வரச் செய்வார். ஏட்டிலே முறை நன்றாகவே அமைந்திருக்கிறது.

கண்டி நகரத்து வீடொன்றிலே எண்பது வயதுப் பெரியவரின் சளியிலே கிருமி காணப்பட்டதென வைத்துக்கொள்வோம். பரிசோதகர் வருகின்றார். மகன், மருமகள், பேரன் என்று மூன்று பெயர் எழுதப்படுகின்றது. பெரியவரை ஏழு மாதம் கவனித்த பெண், போன மாதம் தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை, வேறொருத்தி வந்திருக்கிறாள். போனவள் இப்பொழுது நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்திலே, மூன்று பிள்ளைகளும் மாமியாரும் இருக்கும் ஒற்றைக் காம்பராவில் இருக்கின்றாள். அவளுடைய பெயரை வீட்டார் சொன்னால், கண்டிப் பரிசோதகர் அதைத் தம் ஏட்டில் எழுதி, அவள் இருக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவிக்கலாம். அவர் வழியாகத் தோட்டத்து மருத்துவிச்சி அந்த லயத்தின் கதவைத் தட்டலாம். முழுப் பெயரும் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும் வேண்டும். வீட்டிலே அவளை எல்லாரும் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டார்கள்.